அரசகுமாரிகளுக்கு ஒரே சோடிக் கை

1

பாரிஸில் பிலிப்-து-ஜிரார் தெரு வழியாக லா சப்பல் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது என் வலது கை விரல்களில் தங்கம் ஒட்டியிருந்தது. உண்மையான தங்கம். மூச்சு விட்டால் பறந்துபோகிற அளவுக்கு மெல்லிய ரேக்கு. எல்லாவற்றையும் சுரண்டிச் சேர்த்தாலும் ஒரு மூக்குத்திக்குக் காணாது. ஆனாலும் காலை வெளிச்சத்தில் விரலைத் திருப்பினால் மினுங்கியது. தங்கத்தோடு சேர்ந்து சிவப்பாகவும் ஏதோ அப்பியிருந்தது. குங்குமம் என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தேன். கொழும்பில் பேக்கரியை விட்டு, கட்டாரில் கட்டட வேலையை விட்டு, மொஸ்கோவில் பலர் படுத்த அறையை விட்டு நடந்தேன். அங்கெல்லாம் நானாகத்தான் கிளம்பினேன். போகச் சொல்லி ஒருவர் வாயால் கேட்டு நடப்பது இதுதான் முதல் தடவை.

பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம். அந்துவான். அறுபதைத் தாண்டியவர், ஓடுகிற வயதில்லை. பாண்டிச்சேரிக்காரர். பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். நான் வேலை செய்த, மதாமின் படப் பட்டறையில் பழைய படச் சட்டங்களுக்குத் தங்கம் ஒட்டுகிறவர். என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

"நில்லுய்யா. ஜாக்கெட்ட வுட்டுட்டு வந்துட்ட," என்று என் குளிர் அங்கியை நீட்டினார்.

"மதாம் என்ன செய்யிறா?"

"அழுவுது. அந்தம்மா அழுது நான் பாத்ததே இல்ல." மூச்சு வாங்க நின்றார். பிறகு, அவரால் சும்மா இருக்க முடியாது, "ஏன்யா, ராஜா வூட்டுப் பொண்ணுங்க. அதுங்க பாட்டுக்குச் செவுத்துல சாஞ்சிக்கினு நின்னுச்சுங்க. அதுங்களுக்குப் போயி நலங்கு வச்சிருக்கியே," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

"வேலைய வுட்டு நிறுத்துறதா லெத்தர் வரும். வந்தா கையெழுத்துப் போட்டு எதையும் சினியே பண்ணிடாத. எங்கிட்ட கொண்டா, படிச்சிச் சொல்றேன்."

"லெத்தர் வர முன்னம் வீடு பாக்க ஆள் வந்தால்?"

அந்துவான் தெருவின் அந்தப் பக்கம் மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த வானைப் பார்த்தார். "எப்ப வராங்களாம்?"

"வருவினம் எண்டுதான் எழுதியிருக்கு. எப்ப எண்டு இல்லை."

என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். இந்தமுறை ஓடவில்லை.

2

ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு, 'வீடு பார்க்க ஆள்' என்றால் என்னவென்று சொல்ல வேண்டும்.

மனைவி வதனாவும் மகள் கவியும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். கவிக்கு மூன்று வயதாக இருக்கும்போது நான் புறப்பட்டேன். மொஸ்கோவில் குளிரில் நாட்கள் போய், பாரிஸுக்கு வந்து சேர்ந்தது 2009இல், ஊரில் எல்லாம் முடிந்த பிறகு. அகதி விண்ணப்பத்தை மறுத்தார்கள். மறுபடியும் கொடுத்தேன், மறுபடியும் மறுத்தார்கள். அதற்குப் பிறகு பல வருடங்கள் இந்த நகரத்தில் நான் இருந்தேன், ஆனால் கடதாசியில் இல்லை. கடைசியில் பட்டறை முதலாளியான மதாம் என்னை வேலைக்காரன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தால்தான் வதிவிட அட்டை கிடைத்தது.

அட்டை கிடைத்ததும் ஊருக்குப் போய் வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வதனாவும் கேட்டாள். முதலில் கொரோனா வந்து எல்லாக் கதவையும் சாத்தியது. பிறகு, பயணச் சீட்டா வீட்டு முற்பணமா என்று வந்தபோது வீட்டைத்தான் எடுத்தேன். மூன்று பேர் இருக்கக்கூடிய வீடு இல்லாமல் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பிக்க முடியாது. பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில், ஏழாம் மாடியில், இரண்டு அறை. ஒரு அறையில் நான் படுக்கிறேன். மற்றதில் கவிக்கு வாங்கிய கட்டிலும் மேசையும் நெகிழி உறை பிரிக்காமல் நிற்கின்றன.

விண்ணப்பம் போய்விட்டது. இனி ஒரு அதிகாரி வீட்டைப் பார்க்க வருவார். நான் இப்போதும் அதே வேலையில் இருக்கிறேனா என்றும் பார்ப்பார்கள். இல்லையென்றால் மறுப்பு. மறுத்தால் வதனாவுக்காக இன்னொரு தடவை விண்ணப்பிக்கலாம். கவிக்காக முடியாது. வருகிற தை மாதம் அவளுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு அவள் சட்டப்படி என் குழந்தை இல்லை, வேறொரு நாட்டில் வாழும் பெரிய பெண்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்று காலை நான் சந்தனம் குழைத்தேன்.

3

பட்டறையில் என் வேலை படங்களின் பின்பக்கம். ஆணி கழற்றுவது, தூசி தட்டுவது, பெட்டியில் அடுக்குவது, தூக்குவது. முன்பக்கத்தை மதாம் பார்ப்பார். பழுப்பேறிய முகத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி நாள் முழுக்க ஒரு கன்னத்தைத் துடைப்பார். தங்க வேலை அந்துவானுடையது. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார். கதவு திறந்தால் வருகிற காற்றுக்கே ரேக்கு பறந்துவிடும்.

ஆவணியில் ஏழு படங்கள் வந்தன. ஆஸ்திரியாவை ஆண்ட குடும்பத்தின் பெண் பிள்ளைகள். ஏலத்துக்குப் போக முன் சுத்தம் செய்ய யாரோ வியாபாரி அனுப்பியவை. பெட்டியைத் திறந்து வரிசையாகச் சாய்த்து வைத்தவன் நான். எல்லாரும் நீலச் சட்டை. எல்லாருக்கும் ஒரே சரிகை. இடது கை மடியில், வலது கை ஒரு மெத்தையின்மேல், மெத்தையில் ஒரு மணிமுடி. சின்னவளுக்கும் அதே கை, பெரியவளுக்கும் அதே கை. சின்னவளின் தோளுக்கு அந்தக் கை பெரிது.

மதாம் விளக்கினார், அந்துவான் எனக்குத் தமிழில் சொன்னார். பெரிய ஓவியர் அரண்மனைக்கு ஒருமுறை போய்ப் பிள்ளையின் முகத்தை மட்டும் வரைந்துகொண்டு வருவாராம். பட்டறையில் உடுப்பு வரைகிறவர், சரிகை வரைகிறவர், கை வரைகிறவர் என்று ஆட்கள் இருப்பார்கள். உடம்புகளை முதலே வரைந்து தலை இல்லாமல் வரிசையாக வைத்திருப்பார்கள். முகம் வந்ததும் ஏற்றி அனுப்பவேண்டியதுதான். ஒரு முகத்துக்கு எத்தனை படம் வேண்டுமானாலும் போகும். தூதருக்கு ஒன்று, மாமன் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று.

"மாப்ள வூட்டுக்குத்தான் மெயினா," என்றார் அந்துவான். "இதுல ஒரு பொண்ணுக்கு ஒரு ராஜாவ பேசி வச்சாங்களாம். வரஞ்ச போர்த்ரே போயிடுச்சி. பொண்ணு அம்ம வந்து செத்துடுச்சி. சரி, அடுத்த தங்கச்சிய எழுதி அனுப்பு. அதுவும் அம்ம. மூணாவதுதான் நேர்ல போய்ச் சேந்துச்சாம். போட்டிருக்கற ரோப்பு ஒண்ணுதான், தலைதான் மூணு."

நான் சிரித்துவிட்டேன். மதாம் ஏனென்று பார்த்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அதைச் சொல்ல முடியவில்லை. "எங்களிடமும் உண்டு," என்று மட்டும் சொன்னேன். எங்களிடமும் அரச குடும்பம் உண்டு என்று சொல்கிறேனாக்கும் என்று அவர் மரியாதையாகத் தலையாட்டினார். திருத்த எனக்கு வசனம் வரவில்லை. இந்த நாட்டில் என்னைப்பற்றிப் பலர் நல்லபடியாக நினைப்பதற்குக் காரணம் என் பிரெஞ்சு அவ்வளவோடு நின்றுபோவதுதான்.

நான் சொல்ல வந்தது சிறி அண்ணையின் கடை.

லா சப்பலில் சிறி அண்ணை படக்கடை வைத்திருக்கிறார். 2009இல் வந்து இறங்கியவர்கள் எல்லாரும் முதலில் போனது அங்கேதான். ஊருக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். கடனை வாங்கி அனுப்பிய வீட்டுக்கு, ஆள் உயிரோடு, நல்லாக, நாகரிகமாக இருக்கிறான் என்று காட்ட வேண்டும். எங்களிடம் இருந்ததோ தேவாலயத்தில் கொடுத்த பழைய உடுப்பு. முதலில் சிறி அண்ணை ஒரு மண்ணிறக் கோட்டை வைத்துக்கொண்டு ஆளாளுக்குப் போட்டு எடுத்தார். கோட்டு ஊத்தையாகிக் கிழிந்துபோனது. அதற்குப் பிறகு கணினியில் செய்யத் தொடங்கினார். கோட்டுப் போட்ட ஒரு உடம்பு, செதுக்கு வேலை செய்த கதிரை, கதிரையின் முதுகில் ஒரு கை, கையில் சிவப்புக்கல் மோதிரம், மணிக்கூடு. கழுத்துக்கு மேலே மட்டும் நாங்கள்.

என் தலை அதற்கு நன்றாகவே பொருந்தியது. வதனா அதைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினாள்.

4

ஆயுத பூசையை நான் எங்கே இருந்தாலும் விடுவதில்லை. சாமியிடம் எனக்கு அவ்வளவு நெருக்கமில்லை. ஆனால் சோறு போடுகிற சாமானுக்கு வருடத்தில் ஒருநாள் மரியாதை செய்யாமல் இருக்க மனம் வராது. கட்டாரில் மண்வாரிக்குப் பொட்டு வைத்தேன். பட்டறையில் சுத்தியல், குறடு, ஆணிப்பெட்டி, தள்ளுவண்டி. முதல் வருடம் மதாம் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லிச் சுத்தியலைப் படம் எடுத்துச் சுவரில் ஒட்டினார். பொட்டு வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமிக் காலைவரை தொடக்கூடாது என்று அந்துவான் சொல்ல, சிரித்துக்கொண்டே எனக்கு அன்று தூசி தட்டும் வேலை மட்டும் தந்தார்.

இந்த வருடம் பட்டறைக் கதவின் திறப்பு என்னிடம் இருந்தது. நேரத்தோடு போய்ச் சாமானை எல்லாம் துடைத்து வைத்தேன். சந்தனம், குங்குமம், ஒரு வாழைப்பழம், இரண்டு செவ்வந்திப்பூ. சுத்தியலுக்கு வைத்தேன். குறட்டுக்கு வைத்தேன். கதவு நிலைக்கு வைத்தேன். நிமிர்ந்தபோது ஏழு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லா சப்பல் கடைகளில் அன்றைக்குக் கல்லாப்பெட்டிக்கும் தராசுக்கும் மட்டும் பொட்டு வைப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு, வானுக்கு, கணினிக்கு, எதனால் அடுப்பு எரிகிறதோ அதற்கெல்லாம் வைப்பார்கள். இரண்டு மாதமாக எங்கள் அடுப்பு இந்த ஏழு பேரால்தான் எரிந்தது. விண்ணப்பமும் இவர்கள் நிற்கிற நேரத்தில்தான் போயிருக்கிறது. படத்தில் கை வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். வைக்கவில்லை. சட்டத்தின் கீழ்ப்பக்க நடுவில் ஒவ்வொருவருக்கும் சின்னதாகச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

தங்கத்தில் ஈரக்கை படக்கூடாது என்றும் தெரியும். அந்துவான் முதல் நாளே சொன்னது. ஆனால் சந்தனத்தை ஒருநாளும் நான் ஈரம் என்று நினைத்ததில்லை. சந்தனம் சந்தனம்தான்.

ஒன்றில் கொஞ்சம் வழிந்தது. விரலால் ஒற்றினேன். விரலுக்குக் கீழே சிவப்பாகத் தெரிந்தது. குங்குமம் இழுபட்டுவிட்டது என்று துணியை நனைத்துத் துடைத்தேன். சிவப்புப் பெரிதானது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். இன்னும் சிவப்பு. மதாம் வரும் நேரம். வைத்ததையெல்லாம் எடுத்துவிடுவோம் என்று அடுத்ததைத் துடைத்தேன், அதற்கடுத்ததை. ஏழு சட்டத்திலும் சிவப்பு.

அது குங்குமமில்லை. தங்கத்துக்கு அடியில் செம்மண் பூசித்தான் ஒட்டுவார்களாம். தண்ணீரால் ஒட்டிய தங்கம் தண்ணீரோடு போய்விடும். இருநூறு வருடத்துக்கு மேல் யாரும் பார்க்காமல் கிடந்த மண்ணைத்தான் நான் தேய்த்துத் தேய்த்து வெளியே கொண்டுவந்திருக்கிறேன்.

மதாம் கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சின்னவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டார். "ராவி, வீட்டுக்குப் போ. எதையும் தொடாதே," என்றார், என் பெயரை எப்போதும்போல நீட்டி.

என் சுத்தியலும் குறடும் பொட்டோடு மேசையில் இருந்தன. இன்றைக்கு எப்படியும் அவற்றைத் தொடக்கூடாது என்ற நினைப்பு ஓடியது. அந்த நேரத்தில் மனம் இப்படியெல்லாம் போகிறது.

5

வீட்டுக்குப் போகவில்லை. பிரிக்காத கட்டில் இருக்கிற வீட்டுக்கு அந்த நேரத்தில் போக முடியாது. மெத்ரோ ஓடுகிற பாலத்துக்குக் கீழே ஒரு வாங்குப் பலகையில் இருந்தேன். மதியம் போல கவி வீடியோவில் வந்தாள். பள்ளிக்கூடத்தில் வாணி விழா முடித்து வந்திருக்கிறாள். சேலை கட்டியிருந்தாள். சேலையில் அவளை முதல் தடவை பார்க்கிறேன்.

"என்னப்பா, வேலை இல்லையோ?"

"சரஸ்வதி பூசையெல்லே. வேளைக்கு விட்டிட்டினம்."

"பிரான்சிலையுமோ?" சிரித்தாள். பின்னால் அடுப்படியில் வதனா எதையோ தாளிக்கிற சத்தம். கவி எழுந்து வெளியே முற்றத்துக்கு வந்தாள். படம் ஆடி ஆடி நின்றது.

"அப்பா, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது."

"கேள்."

"சுவரிலை இருக்கிற உங்கடை படம். அதிலை இருக்கிற கை உங்கடையோ?"

தலைக்கு மேல் மெத்ரோ போனது. அது போய் முடியும்வரை பேசாமல் இருக்க ஒரு சாட்டுக் கிடைத்தது. போய் முடிந்தது.

"ஏன் கேக்கிறாய்?"

"தர்சினி வீட்டை போனனான். அவளின்ரை அப்பாவும் பாரிஸிலைதானே. அங்கையும் ஒரு படம் தொங்குது. அதே கதிரை, அதே மோதிரம். மணிக்கூட்டிலை நேரமும் அதேதான். தலை மட்டும் வேறை."

"எப்ப போனனீ?"

"ஏழாம் வகுப்பு படிக்கேக்கை."

அவ்வளவு காலம் இந்தப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். பரீட்சை முடிவு சொல்லியிருக்கிறாள். சாப்பிட்டீங்களோ என்று கேட்டிருக்கிறாள்.

"அம்மாவுக்குச் சொன்னனீயோ?"

"அம்மா ஒவ்வொரு வெள்ளியும் படத்தைத் துடைக்கேக்கை அந்தக் கையைத்தான் முதல் துடைக்கிறவ. எப்பிடிச் சொல்லுறது?"

நான் வாங்கின் விளிம்புக்கு நகர்ந்தேன்.

"பகிடிக்கும் கேக்கேல்லை, கோவத்திலையும் கேக்கேல்லை அப்பா. நான் சோதினையை விட்டிட்டு வாறன். சிநேகிதப் பிள்ளையளை விட்டிட்டு வாறன். அங்கை வந்து ஒரு வீட்டுக்குள்ளை உங்களோடை இருக்கவேணும். உங்கடை முகம் எனக்குத் தெரியும். வேறை ஒண்டும் தெரியாது. ஒருக்கா கையைக் காட்டுங்கோ."

இத்தனை வருடம் வீடியோவில் பேசியும் அவள் என் கையைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையால்தானே போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

மற்றக் கைக்கு மாற்றி, வலது கையைத் தூக்கிக் காட்டவேண்டியதுதான். ஒரு நொடி வேலை. குனிந்து பார்த்தேன். நகக்கண்ணில் செம்மண், விரல் நுனியில் தங்கம், ஆணி கிழித்த தழும்பு, கட்டாரில் வளைந்துபோன சின்னவிரல். இதைக் காட்டினால் கையில் என்ன அப்பா என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் வேலை வரைக்கும் போகும், விண்ணப்பம் வரைக்கும் போகும்.

"லைன் சரியில்லைப் பிள்ளை. நாளைக்குக் காட்டுறன்."

"லைன் நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு, "சரி. நாளைக்கு," என்றாள். வைக்கும்போது ஒரு வயதானவரிடம் சொல்வதுபோல, "கவனமாப் போங்கோ," என்றாள்.

6

லா சப்பலில் வேலை இருக்கிறதா என்று அறிய சிறி அண்ணையின் கடைதான். யாருக்கு ஆள் வேண்டும், யாருக்குப் பத்திரம் வந்தது, யார் வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்கிறார் எல்லாம் அங்கே தெரியும். அன்றைக்குக் கணினித் திரையின் நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறியும் நடுவில் பொட்டும் இருந்தன.

"என்ன, இந்த நேரத்திலை? வேலையைத் திண்டிட்டீரோ?" என்றார். முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

சொன்னேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் தாடையைத் தடவினார். "சந்தனமோ," என்றார். "சந்தனத்தாலை இஞ்சை ஒருத்தனும் வேலை இழந்ததில்லை. நீர்தான் முதல் ஆள்."

"அண்ணை, இன்னொண்டு. அந்தக் கோட்டுப் படத்திலை இருக்கிற கை ஆற்றை?"

"எந்தக் கோட்டு?"

"எங்கடை எல்லாற்றை கோட்டும்."

அவர் சிரித்தார். "அது என்ரை மச்சான்ரை. நல்ல வடிவான கை எண்டு நிக்க வைச்சு எடுத்தனான். அவன் லண்டனுக்குப் போய்க் கனகாலம். அவன்ரை கை யாழ்ப்பாணம் முழுக்கத் தொங்குது. ஏன்?"

"மகள் கண்டுபிடிச்சிட்டாள்."

சிரிப்பு நின்றது. சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தார். கலியாண மாலையோடு சில, கறுப்பு நாடாவோடு சில. "எனக்கு அப்ப இருந்த யோசினை என்னெண்டால்," என்றார், "ஊரிலை ஆரும் ரெண்டு படத்தைப் பக்கத்திலை வைச்சுப் பாக்கப் போறதில்லை எண்டுதான்."

இருநூறு வருடத்துக்கு முன் அந்தப் பட்டறைக்காரர்களும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நாட்டுக்கு. ஏழு படத்தையும் ஒரு சுவரில் சாய்த்து வைக்க ஒருவன் வருவான் என்று யாருக்குத் தெரியும்.

சிறி அண்ணை போனை எடுத்தார். பக்கத்துத் தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற தேவன் என்பவரிடம் பேசினார். கோப்பை கழுவ நின்ற பெடியன் நேற்றோடு நின்றுவிட்டானாம். நான் கையால் சைகை காட்டினேன், எழுதித் தருவாரா என்று கேளுங்கள்.

"எழுத்திலை வேணுமாம் தேவன். ஓம். குடும்ப அலுவல். ஓம், ஓம்." என்னைப் பார்த்தார். "தருவாராம். ஆனா சோதினைக் காலம் போட்டுத்தான் தருவாராம். பிடிக்காட்டி அண்டைக்கே நிப்பாட்டலாம்."

அப்படிப்பட்ட கடதாசியை அதிகாரி எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றுமில்லாத கையோடு கதவைத் திறப்பதைவிட ஏதோ ஒன்று.

"நாளைக்குக் காலமை வரட்டாம்," என்றார் சிறி அண்ணை போனை வைத்துவிட்டு. "விஜயதசமி. நல்ல நாளாம். அவர் சொன்னது."

மாலையில் அந்துவான் தகவல் அனுப்பியிருந்தார். சட்டங்களைத் தான் திருத்திவிடலாமாம், கன நாள் பிடிக்குமாம். மதாம் வியாபாரிக்குச் சொல்லிவிட்டாராம். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். என் சுத்தியலையும் குறட்டையும் மேசையிலிருந்து யாரும் எடுக்கவில்லை என்று கடைசியில் எழுதியிருந்தார். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

7

காலையில் லா சப்பல் தெரு முழுக்கப் பட்டுப்பாவாடையும் வேட்டியும். ஏடு தொடக்கப் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு தகப்பன் மகனின் கையைப் பிடித்து, "அரிசியிலை இப்பிடி எழுதவேணும், என்ன?" என்று காற்றில் எழுதிக் காட்டிக்கொண்டு போனார். பிள்ளை பிரெஞ்சில் ஏதோ கேட்டான். தகப்பன் தமிழில் பதில் சொன்னார். இருவரும் அப்படியே பேசிக்கொண்டு என்னைக் கடந்துபோனார்கள்.

தேவன் அண்ணை கடதாசியை முதலே அடித்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டேன். எதையும் சினியே பண்ணாதே என்று அந்துவான் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. அது வேறு கடதாசி.

"உதிலை ஏப்ரன் கிடக்கு," என்றார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நெகிழி ஏப்ரன் தொங்கியது. கழுத்து நாடாவை எனக்கு முன் நின்றவன் தன் உயரத்துக்கு முடிச்சுப் போட்டிருந்தான். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு, அவிழவில்லை. அப்படியே தலையை நுழைத்தேன்.

"முதல்லை தொட்டுக் கும்பிட்டிட்டுத் தொடங்கும்." நேற்றுப் பூசைக்கு வைத்த பொட்டுகள் எல்லாவற்றிலும் காய்ந்து கிடந்தன. தோசைக்கல், கிரைண்டர், பெரிய சட்டிகள். கோப்பை கழுவும் தொட்டியின் விளிம்பிலும் ஒன்று. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சமையற்காரப் பெடியனிடம் போனைக் கொடுத்தேன். "தம்பி, ஒரு படம் எடும்."

"முகம் சிரிக்கவேணும் அண்ணை."

"முகம் வேண்டாம். கை."

அவன் ஒருமாதிரிப் பார்த்தான். தொட்டி விளிம்பில் இரண்டு கையையும் விரித்து வைத்தேன். செம்மண் போயிருந்தது. தங்கம் வலது நடுவிரலின் நகத்தோரம் கொஞ்சம் நின்றது, படத்தில் தெரியாது. எடுத்தான். ஒன்றும் எழுதாமல் கவிக்கு அனுப்பிவிட்டுப் போனை எதிர்த் தட்டில், திரை தெரியும்படி சாய்த்து வைத்தேன்.

குழாயைத் திறந்தேன். தண்ணீர் தெறித்து விளிம்பிலிருந்த பொட்டு கரைந்து ஓடியது. என்னை அறியாமல் கையை நீட்டினேன், பிடித்து நிறுத்தப் போவதுபோல. கீழே வெறும் இரும்பு. பொட்டோடு வேறொன்றும் கூடப் போகவில்லை.

திரையில் படத்துக்குக் கீழே இரண்டு சரி அடையாளமும் நீலமாக மாறின. பார்த்துவிட்டாள். எழுதுகிறாள் என்று காட்டியது. பிறகு நின்றது. பிறகு மறுபடியும் எழுதுகிறாள் என்று காட்டியது.

தேவன் அண்ணை முதல் தட்டு அடுக்கைக் கொண்டுவந்து வைத்தார். கை நனைந்துவிட்டது. கழுவத் தொடங்கினேன்.